வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: ஒலி ஒளிப் பதிவுகளில் நேரம் பிசகினால் எங்கே தேடுவது

மாசி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் திருவிழாப் பதிவுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் மேடை நாடகம், கும்மி, கரகாட்டம், பட்டிமன்றம், சில வேளைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி பாடிய தாலாட்டு. கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே குறைதான்: "அண்ணே, வாய் ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. இழுத்து வைத்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது, மறுபடியும் ஓடிவிடுகிறது."

குறை ஒன்றாகத் தெரிந்தாலும் காரணங்கள் பல. காரணத்தைப் பார்க்காமல் ஒலியைக் கண்ணளவில் இழுத்து வைப்பதால்தான் நல்ல பதிவுகள் கெட்டுப்போகின்றன. எனவே எதையும் நகர்த்துவதற்கு முன் ஓர் அளவு எடுக்க வேண்டும்.

## முதலில்: மூன்று இடத்தில் அளவு

பதிவின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் கண்ணுக்குத் தெரிகிற, காதில் வெட்டென்று விழுகிற ஓர் அடி இருக்க வேண்டும். தவில் குச்சி தோலில் படும் கணம், நாடகத்தில் தாளக்காரர் தட்டும் தாளம், மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பது எல்லாம் நல்லவை. ஹார்மோனியமும் நாதஸ்வரமும் உதவாது. அவற்றின் ஒலி மெல்ல எழுவதால் தொடங்கிய இடத்தைத் துல்லியமாகக் காட்ட முடியாது. கூட்டத்தின் கைதட்டலும் வேண்டாம். ஒரே ஒருவர் கைதட்டியது கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங் மென்பொருளில் படமும் ஒலியும் வரிசையாகத் தெரியும் டைம்லைனைப் பெரிதாக்கி, ஃபிரேம் ஃபிரேமாக (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமாக) நகர்த்தி, படத்தில் அடி விழும் ஃபிரேமையும் ஒலியின் அலைவடிவத்தில் கூர் எழும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் பதிவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. மூன்று இடங்களிலும் ஒலி எத்தனை ஃபிரேம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று தாளில் எழுதுங்கள்.

மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால் அறிகுறி 1-க்குப் போங்கள். சீராக வளர்ந்தால் 2. கூடியும் குறைந்தும் ஆடினால் 3. ஓரிடம்வரை சரியாக இருந்து அங்கிருந்து சட்டென்று மாறியிருந்தால் 4. கோப்புகளின் நேரமே ஒன்றோடொன்று ஒட்டாமல், எதை எதன் பக்கத்தில் வைப்பது என்றே தெரியாவிட்டால் 5. படமும் ஒலியும் சரியாகச் சேர்ந்து, சப்டைட்டிலோ நேரக்குறிப்புப் பட்டியலோ மட்டும் பிசகினால் 6.

## அறிகுறி 1: தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு விலகல்

இதுதான் மிக எளிது. பல நேரங்களில் பதிவில் குறையே இருக்காது.

கேட்கும் கருவியைச் சோதியுங்கள். ப்ளூடூத் காதணியிலோ ஸ்பீக்கரிலோ கேட்டுக்கொண்டு எடிட்டிங் செய்கிறீர்களா? ப்ளூடூத் வழியாக வரும் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்குவரை தாமதமாக வரக்கூடும். அதாவது இரண்டரை முதல் ஏழரை ஃபிரேம். அதை நம்பி ஒலியை முன்னால் இழுத்து வைத்தால், வீட்டில் வயர் ஸ்பீக்கரில் பார்ப்பவருக்கு ஒலி முந்தும். வயர் ஹெட்ஃபோனை மாட்டி மறுபடி பாருங்கள். விலகல் மறைந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள். டிவியில் போடும்போது மட்டும் ஒலி முந்தினால், டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம். அதன் அமைப்பில் கேம் மோடை இயக்கினால் பெரும்பாலும் தீரும்.

கேமரா நின்ற தூரத்தைக் கேளுங்கள். கிராமத்துப் பதிவுகளில் நான் அதிகம் காணும் காரணம் இது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அப்படியானால் 14 மீட்டருக்கு ஒரு ஃபிரேம். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளிப் பந்தலின் கடைசியில் கேமராவை நிறுத்தினால், கேமராவின் சொந்த மைக்குக்குக் குரல் போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். படம் தாமதமின்றி வந்துவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மேடையில் வைத்த ரெக்கார்டரின் ஒலியைக் கேமராவின் ஒலியோடு ஒப்பிட்டு மென்பொருளே தானாக ஒட்டிக் கொடுக்கும். அது ஒட்டுவது ஒலியோடு ஒலியைத்தான். கேமரா தாமதமாகக் கேட்ட ஒலியோடு ரெக்கார்டரின் சுத்தமான ஒலியைச் சேர்த்துவிட்டால், சுத்தமான ஒலியும் அதே இரண்டரை ஃபிரேம் பிந்திவிடும். தானாக ஒட்டியதுதானே என்று விட்டுவிடாமல் தவில் அடியை வைத்து ஒருமுறை பாருங்கள். தேவையானால் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னே நகர்த்துங்கள்.

தூரத்தை மேடையிலிருந்து மட்டும் அளக்கவும் கூடாது. மைக்செட்காரர் பந்தலின் நடுவில் கம்பத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தால், குரல் மேடையிலிருந்து அங்கே வயர் வழியாகத் தாமதமின்றி வந்து, அங்கிருந்துதான் காற்றில் கேமராவுக்குப் போகும். கேமராவுக்கு மிக அருகில் இருந்த ஒலிபெருக்கி எது என்று கேட்டு, அங்கிருந்து அளவிடுங்கள்.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பிடி.1359 பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கவனித்துவிடுவார்கள்; பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை கவனிக்கமாட்டார்கள். தூரத்தில் துணி துவைப்பவரின் அடி கண்ணுக்கு முதலிலும் காதுக்குப் பிறகும் வருவது நமக்குப் பழக்கம். ஒலி முந்தி வருவதை வாழ்க்கையில் எங்கும் பார்த்ததில்லை. ஆகவே ஒரு ஃபிரேம் இப்படியா அப்படியா என்று முடிவெடுக்க முடியாத இடத்தில் ஒலியைப் பிந்த விடுங்கள்.

நேரலைத் திரையில் மட்டும் பிசகினால். திருவிழாக் கூட்டத்துக்காக வைக்கும் எல்இடி திரையில், கேமராவிலிருந்து, கேமராக்களை மாற்றிக் காட்டும் ஸ்விட்சர் வழியாகத் திரைக்குப் படம் போக ஒரு சில ஃபிரேம் ஆகும். மைக்கின் ஒலியோ அப்போதே கேட்டுவிடும். மிக்சரில் டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி) இருந்தால் அந்தத் திரையின் பக்கத்து ஒலிபெருக்கிக்கு மட்டும் ஃபிரேமுக்கு 40 மில்லிநொடி வீதம் கூட்டிப் பாருங்கள். மேடைக்கு அருகில் உள்ளவற்றுக்குக் கூட்டாதீர்கள். பாடுபவருக்குத் தன் குரலே தாமதமாகக் கேட்டுத் தாளம் தடுமாறும். மிக்சரில் டிலே இல்லாவிட்டால், அதைக் கொண்டுவரக்கூடிய ஒலி அமைப்பாளரிடம் விட வேண்டிய வேலை அது.

## அறிகுறி 2: தொடக்கம் சரி, போகப்போக விலகல் சீராக வளர்கிறது

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிடுங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

மணிக்கு 5 நிமிடம் அளவில், கூடவே குரலும் மாறியிருக்கிறது. சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்ற எண்) குழப்பம். ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை மென்பொருள் 48 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேர ஒலி 55 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடும். குரல் கீச்சென்று இருக்கும். 48-இல் பதிந்ததை 44.1 என்று எடுத்துக்கொண்டால் 65 நிமிடம் 18 நொடிக்கு நீளும், குரல் கனத்துவிடும். பாட்டுத் தெரிந்தவரிடம் கேட்டாலே போதும். ஐந்து கட்டைக்குப் பாடிய ராஜபார்ட் நான்குக்கும் நாலரைக்கும் இடையில், எந்தக் கட்டையிலும் சேராமல் பாடுவதுபோல் இருக்கிறது என்பார்.

தீர்வுக்குச் செலவில்லை. கோப்பின் உண்மையான சாம்பிள் ரேட்டை மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் பாருங்கள். எடிட்டிங் திட்டத்தை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், 44.1 கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் செயலியில் திறந்து 48-ஆக மாற்றி ஏற்றுமதி செய்து, அதைப் பயன்படுத்துங்கள். கோப்பின் தலைப்பிலேயே எண் தவறாக இருந்தால், ஆடாசிட்டியில் டிராக்கின் ரேட்டை மட்டும் சரியான எண்ணுக்கு மாற்றினால் குரல் உடனே ஊருக்குத் திரும்பிவிடும். இனி வரும் பதிவுகளுக்கு எல்லா ரெக்கார்டரையும் 48-இல் வைத்துவிடுங்கள். வீடியோக்காரர்களின் வழக்கம் அதுதான்.

மணிக்கு 2 நிமிடம் 24 நொடி. 24 ஃபிரேமில் எடுத்த படம் 25-ஆக ஓடுகிறது. கிளிப்பின் அமைப்பில் ஃபிரேம் எண்ணைச் சரிசெய்யுங்கள்.

மணிக்கு 3.6 நொடி. 30-க்கும் 29.97-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு கேமரா 30, இன்னொன்று 29.97 என்று இருக்கும். அல்லது இரண்டும் 29.97-ஆக இருந்து, ஒன்றின் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடும் மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம் எண்) டிராப் ஃபிரேம், மற்றதன் டைம்கோடு நான்-டிராப் என்று இருக்கும். டிராப் ஃபிரேம் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அதில் படம் எதுவும் விடுபடுவதில்லை. ஒவ்வொரு பத்தாவது நிமிடமும் தவிர மற்ற நிமிடங்களின் தொடக்கத்தில் இரண்டு எண்களை மட்டும் தாண்டிச் செல்கிறது. நம் நாட்டில் இந்தத் தொல்லையே தேவையில்லை. எல்லாக் கேமராவையும் 25-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை 1/50-இல் வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிப்பதும் நிற்கும்.

மணிக்குச் சில ஃபிரேம் மட்டும். இது அமைப்பில் உள்ள பிழையில்லை. கருவிகளின் உள்ளே இருக்கும் கடிகாரப் படிகங்கள் ஒன்றுபோல் ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் படிகம் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி பிசகும். கேமரா ஒரு பக்கமும் ரெக்கார்டர் மறுபக்கமும் பிசகினால் அது இரட்டிப்பாகும். அரைமணி நேரப் பட்டிமன்றப் பேச்சில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஏழு மணி நேர நாடகத்தில் அது ஒரு நொடியாக வளர்ந்துவிடும். விடியற்காலையில் பபூன் சொன்ன நகைச்சுவைக்குக் கூட்டம் முன்கூட்டியே சிரிப்பது இதனால்தான்.

இரண்டு வழிகள் உண்டு. காட்சி மாறும் இடங்களில், திரை விழுந்து ஹார்மோனியம் ஓயும் இடைவெளியில் ஒலியை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதனதன் முதல் தாள அடியில் மறுபடி ஒட்டுவது ஒன்று. நான் பெரும்பாலும் இதையே செய்கிறேன். எங்கே கை வைத்தோம் என்று தெரியும், தவறினால் அந்தக் காட்சியோடு போகும். இன்னொன்று, முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் இடைப்பட்ட நீளத்தைப் படத்திலும் ஒலியிலும் அளந்து, அந்த விகிதத்துக்கு ஒலியின் வேகத்தை மாற்றுவது. அப்படிச் செய்யும்போது வேகத்தை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் கட்டளை தவிலின் அடியையும் பறையின் அடியையும் மழுங்கடித்துவிடும். இவ்வளவு சிறிய மாற்றத்தில் சுருதி மாறுவது எந்தக் காதுக்கும் தெரியாது. பல எடிட்டிங் மென்பொருள்கள் வேகத்தை இரண்டு தசம இடங்களுக்கு மேல் ஏற்பதில்லை. உங்களுக்குத் தேவை 0.004 சதவீதமாக இருக்கும். ஏற்காவிட்டால் வெட்டி ஒட்டும் வழிக்கே திரும்புங்கள்.

எப்போது வெளியே கொடுக்க வேண்டும். அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் மணிக்கு ஒரு நொடிக்கு மேல் விலகினால், அல்லது குளிரான இரவில் ஓர் அளவும் பங்குனி வெயிலில் வேறோர் அளவுமாகப் பெரிதாக மாறினால், அந்தக் கருவியின் கடிகாரப் பகுதியைச் சர்வீஸில் காட்டுங்கள். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே டைம்கோடைக் கொடுக்கும் டைம்கோடு பெட்டி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பெட்டி ஒவ்வொரு கிளிப்பும் எப்போது தொடங்கியது என்பதைச் சரியாகக் குறித்துத் தரும். அது மிகப் பெரிய உதவிதான். ஆனால் தொடங்கிய பிறகு ரெக்கார்டர் தன் சொந்தப் படிகத்தின் கதியிலேயே ஓடும். நீண்ட கிளிப்பின் நடுவில் வளரும் விலகலை நிறுத்த, கருவிகளின் கடிகாரத்தையே வெளியிலிருந்து பூட்டும் வசதி இரு கருவிகளிலும் இருக்க வேண்டும். அவ்வளவு செலவு செய்யுமுன், காட்சிக்கு ஒருமுறை பதிவை நிறுத்தித் தொடங்கினால் போதாதா என்று யோசியுங்கள்.

## அறிகுறி 3: ஓரிடம் சரி, ஓரிடம் தவறு, மறுபடி சரி

கைப்பேசியில் எடுத்த படமாக இருக்கும். கைப்பேசி நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று நிலையாக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும், கூடினால் கூட்டிக்கொள்ளும். தீச்சட்டி ஊர்வலம் இருட்டிலிருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வரும்போது இதைக் கண்கூடாகக் காணலாம். தனியாக இயக்கினால் சரியாகவே ஓடும் படம், எடிட்டிங் மென்பொருளுக்குள் வந்ததும் ஆடத் தொடங்கும்.

மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால் காரணம் உறுதி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றியில் வீடியோ பக்கத்துக்குப் போய், திட்டத்தின் ஃபிரேம் எண்ணைத் தேர்ந்து, கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைக் குறித்து மாற்றுங்கள். மாற்றிய கோப்பைக் கொண்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். பாதி வேலை முடிந்தபின் மாற்றினால் வெட்டிய இடங்களெல்லாம் நகரும்.

வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. எடுத்த நேரம்கூட அதில் மிஞ்சாது. எடுத்தவரிடம் மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் போய் வயரில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவு, ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

## அறிகுறி 4: ஓரிடத்தில் சட்டென்று தாவுகிறது

தாவும் இடத்தில் கோப்பு மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஃபேட்32 முறையில் அமைந்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. நொடிக்கு 28 மெகாபிட் பதிவில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கேமரா புதிய கோப்பைத் தொடங்கும். ஒலியிலும் இப்படி உண்டு: 2 ஜி.பி. எல்லை வைத்த ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டாகும். துண்டுகளைச் சரியான வரிசையில் இடைவெளியின்றி வைத்திருக்கிறீர்களா? துண்டுகளைத் தனித்தனியாக எம்பி3 ஆக்கிவிட்டுச் சேர்த்தீர்களா? ஆக்கியிருந்தால் ஒவ்வோர் ஒட்டிலும் சிறு மௌனம் புகுந்திருக்கும்; மூல வேவ் கோப்புகளுக்குத் திரும்புங்கள்.

கோப்பு மாறாத இடத்தில் தாவினால் கார்டின் வேகம் போதாமல் சில ஃபிரேம்கள் விடுபட்டிருக்கலாம். அந்தக் கேமராவில் வேறொரு நல்ல கார்டைப் போட்டு, ஓடும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் படமெடுத்துச் சோதியுங்கள். கடிகாரம் ஓரிடத்திலும் குதிக்கவில்லை என்றால் பழைய கார்டைப் பதிவுக்கு இனிப் பயன்படுத்த வேண்டாம்.

29 நிமிடம் 59 நொடியில் பதிவே நின்றிருந்தால் கேமரா பழுதில்லை. 30 நிமிடம் பதியும் கேமராவை ஐரோப்பிய சுங்க விதி வீடியோ கேமராவாகக் கணக்கிட்டதால் பல நிறுவனங்கள் அந்த எல்லையை வைத்தன. வசனம் தொடங்கிய பிறகு நிற்காதபடி, பாட்டு முடியும் இடத்தில் நீங்களே நிறுத்தித் தொடங்குங்கள்.

கோப்பு திறக்கவே இல்லை. பேட்டரி தீர்ந்தோ, ஜெனரேட்டர் நின்றோ கேமரா அணைந்திருக்கும். எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எந்த நேரத்தில் என்று சொல்லும் அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. அது எழுதப்படாமல் போயிருக்கும். படம் பெரும்பாலும் கார்டிலேயே இருக்கிறது. கார்டைக் கேமராவிலிருந்து உடனே எடுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் வேறு எதையும் பதியாதீர்கள். கணினியில் முழுப் பிரதி எடுத்துவிட்டு, அன்ட்ரங்க் போன்ற இலவச நிரலை முயலலாம். அதற்கு அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றும் தேவை. கார்டையே கணினி காணவில்லை என்றால் அங்கே நிறுத்துங்கள். தரவு மீட்பு செய்பவரிடம் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். இறந்துபோன கலைஞரின் கடைசி மேடை என்று கையில் கார்டோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் மூன்று மென்பொருளில் முயன்று கெடுத்த பிறகுதான் வந்திருந்தார்கள்.

## அறிகுறி 5: கோப்புகளின் நேரம் ஒட்டவில்லை

சித்திரைத் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். அழகரின் எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் ஒரு கேமரா, இரவு தல்லாகுளத்தில் ஒன்று, விடியற்காலை வைகைக் கரையில் ஒன்று, நடுவில் ஒருவர் கையில் ரெக்கார்டர். நானூறு கோப்புகள் வந்து சேரும். நேரப்படி அடுக்கினால் அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு மூன்றுமாவடிக்கு வருவார். இங்கேயும் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள்.

மிகச் சரியாக 5 மணி 30 நிமிடம். எம்பி4 கோப்பில் எடுத்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. கைப்பேசிகள் அப்படியே எழுதுகின்றன. பல கேமராக்கள் தங்கள் திரையில் உள்ள உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. மீடியாஇன்ஃபோவில் நேரத்தின் பக்கத்தில் யுடிசி என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விடியல் தெரிகிற ஒரு கிளிப்பை எடுத்து, அதில் உள்ள எண் இந்திய நேரமா என்று கண்ணால் சரிபாருங்கள். பிறகு அந்தக் கேமராவின் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே அளவாக 5:30 கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

சரியாக 12 மணி. கேமராவில் காலை, மாலையை மாற்றி வைத்திருக்கிறார்கள். மொத்தமாக நகர்த்தினால் போதும்.

1904, 1970, 1980, 2000 என்ற ஆண்டுகளின் ஜனவரி 1. கருவிக்கு நேரமே தெரியவில்லை. தேதியை வைத்த மறுவாரமே மறுபடி மறந்தால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். சில கருவிகளில் நாமே மாற்றலாம். கேமராவின் உடலைத் திறக்க வேண்டியிருந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

நள்ளிரவுக்குப் பிந்தைய கிளிப்புகள் எல்லாம் முதலில் வருகின்றன. டைம்கோடு 23:59:59:24-க்குப் பிறகு 00:00:00:00 ஆகிவிடும். அதில் தேதி கிடையாது. விடிய விடிய நடக்கும் எந்த நிகழ்ச்சியிலும் இது வரும். எடுத்துமுடித்த பதிவுகளை நள்ளிரவுக்கு முன், பின் என்று இரண்டு அடைவுகளாகப் பிரித்துவிடுங்கள். அடுத்த முறைக்கு, எல்லாக் கருவிகளின் டைம்கோடையும் 12 மணி நேரம் பின்னால் வைத்துத் தொடங்குங்கள். இரவு 10 மணி 10:00 என்று பதிவாகும். காலை 5 மணி 17:00 ஆகும். வரிசை கெடாது.

கிளிப்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவு வித்தியாசம். ஒரு கருவி பதிவு தொடங்கிய நேரத்தையும், மற்றது முடிந்த நேரத்தையும் காட்டுகிறது.

ஓரிரு நொடி மட்டும். கோப்புத் தேதியிடமிருந்து இதைவிட எதிர்பார்க்காதீர்கள். ஃபேட்32 கார்டு திருத்திய நேரத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். கோப்புத் தேதி அடுக்குவதற்கு உதவும். ஒட்டுவதற்குத் தவில் அடிதான் வேண்டும். பிராட்காஸ்ட் வேவ் முறையில் பதியும் ரெக்கார்டர் இருந்தால் நல்லது: நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் கடந்தன என்ற எண்ணை அது கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். வேறு மென்பொருளில் திறந்து எம்பி3-ஆகச் சேமித்தால் அந்த எண் போய்விடும்.

இத்தனைக்கும் ஐந்து நொடி வேலை ஒன்று மாற்றாக இருக்கிறது. ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், நொடி காட்டும் கைப்பேசிக் கடிகாரத்தைப் படமெடுக்க வேண்டும். ரெக்கார்டர் வைத்திருப்பவர் ஊர், தேதி, நேரத்தை உரக்கச் சொல்லி ஒருமுறை கைதட்ட வேண்டும். ரெக்கார்டரை அணைக்குமுன் இன்னொரு கைதட்டல். அறிகுறி 2-இல் சொன்ன கடைசி அடி அப்போதுதான் கிடைக்கும். வாயால் சொன்ன நேரம் எந்தப் பிரதியெடுப்பிலும் அழியாது.

## அறிகுறி 6: நேரக்குறிப்பும் சப்டைட்டிலும் மட்டும் பிசகுகின்றன

எல்லா வரியும் ஒரே அளவு பிசகினால், எழுதிய பிறகு யாரோ முகப்புப் படத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் நீளத்தை எல்லா வரிக்கும் கூட்டுங்கள்.

எம்பி3-இல் 1:12:40 என்று குறித்த இடத்தைத் தொட்டால் ஒருமுறை ஓரிடமும் வேறு கருவியில் வேறிடமும் போனால், அது மாறும் பிட் ரேட்டில் (நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு) சுருக்கிய கோப்பு. இயக்கி இடத்தைத் தோராயமாகவே கணக்கிடுகிறது. மூலத்திலிருந்து நிலையான பிட் ரேட்டில் மறுபடி எடுங்கள். ஏற்கெனவே குறித்த நேரங்களைப் புதிய கோப்பில் நான்கைந்து இடத்திலாவது சரிபாருங்கள்.

சப்டைட்டில் தோன்றவே இல்லை என்றால் நிறுத்தற்குறியைப் பாருங்கள். எஸ்ஆர்டி கோப்பில் நொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையில் காற்புள்ளி. வெப்விடிடி கோப்பில் புள்ளி, முதல் வரியில் WEBVTT என்ற அதன் பெயரும் வேண்டும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வந்தால் கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். பழைய தட்டச்சு எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுச் சேமிக்க வேண்டும்.

யூடியூபில் அத்தியாயங்கள் பிரியவில்லை என்றால், பட்டியல் 0:00-இல் தொடங்குகிறதா, குறைந்தது மூன்று குறிப்புகள் ஏறுவரிசையில் உள்ளனவா, ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

## வெளியே கொடுக்கும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை

மேலே சொன்ன எதிலும் தீராமல் ஒருவரிடம் கொண்டுபோவதானால், ஏற்றுமதி செய்த ஒற்றை வீடியோவைக் கொண்டுபோகாதீர்கள். அதில் காரணம் எதுவும் மிஞ்சியிருக்காது. மூலக் கோப்புகளை அடைவின் பெயர்கூட மாற்றாமல் ஒரு டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்து அளவை எழுதிய தாள், ஒவ்வொரு கருவியின் பெயரும் அது இருந்த ஃபிரேம், சாம்பிள் அமைப்பும், கேமரா மேடையிலிருந்து நின்ற தூரம், அருகில் இருந்த ஒலிபெருக்கி எங்கே என்ற சிறு படம். கார்டுகளை ஒவ்வொன்றாகக் காகித உறையில் இட்டு, எந்தக் கேமரா, எந்த ஊர், எந்த இரவு என்று உறையின் மேல் எழுதுங்கள். வேலை முடிந்து நீங்களே இயக்கிப் பார்க்கும்வரை அந்த உறைகளைத் திறந்து அடுத்த திருவிழாவுக்குக் கார்டை எடுத்துவிடாதீர்கள்.